நூற்றுக்கு நூறு பறந்த குதிரை

கொக்கரை நாட்டை ராஜா பரராசகேசரி ஆண்ட காலத்தில், அந்த நாட்டு வாலிபர்கள் காலையில் கள் குடிப்பார்கள், மத்தியானம் கஞ்சா இழுப்பார்கள், சாயங்காலம் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொள்வார்கள். நேரம் தவறவே மாட்டார்கள்.

ஒரு தேர்த்திருவிழாவில் எவனோ வீசிய கம்பு ராஜாவின் கிரீடத்தைத் தட்டிவிட்டது. கிரீடம் உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது.

"இதற்கு ஒரு வழி வேண்டும்!" என்று ராஜா கத்தினார். "பலிக்கும் என்று நிரூபித்த வழி!"

பிரதானி பெரும்பற்றப் பிள்ளை பத்தே நாளில் வழியோடு வந்தார். நூறு வாலிபர்களை மைதானத்தில் உட்காரவைத்தார். ஒருவன் பேய்வேஷம் போட்டு, மண்டையோட்டைத் தூக்கிக்கொண்டு, "குடித்தால் இப்படித்தான் ஆவாய்!" என்று அலறினான். வாலிபர்களுக்கு ஒரே குஷி. விசில் அடித்தார்கள். வேஷம் பிரமாதம் என்று பேசிக்கொண்டே நேராகக் கள்ளுக்கடைக்குப் போனார்கள்.

மறுநாள் பிரதானி அதே நூறு பேரையும் நிறுத்தி, சுற்றிலும் ஈட்டிக்காரர்களை வைத்து, "குடிக்கிறாயா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார்கள் நூறு பேரும்.

"நூற்றுக்கு நூறு, மகாராஜா!"

ராஜா பூரித்துப்போனார். "நாடு முழுக்க இதை நடத்துங்கள். இதற்கப்புறமும் எவனாவது குடித்தால் குற்றம் அவனுடையது. யானைக் கொட்டடியில் அடையுங்கள்!" யானைகளை எங்கே கட்டுவது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தச் சபையில் உலகளந்தான் என்றொரு உத்தியோகஸ்தன் இருந்தான். என்ன உத்தியோகம் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் அவனுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு மகன் உண்டு. அந்தப் பிள்ளை அன்று காலைதான் தள்ளாடிக்கொண்டு வீடு வந்திருந்தான். உலகளந்தான் ஓடிப்போய் ராஜாவின் காலில் விழுந்தான்.

"ஒரே ஒரு நாள் பொறுங்கள், மகாராஜா" என்று கெஞ்சி அவகாசம் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் சபைக்கு ஓடி வந்தான். "நல்ல சேதி, மகாராஜா! நம் பட்டத்துக் குதிரை பறக்கிறது. நிரூபித்துவிட்டேன்!"

"என்னது?"

"அதே மைதானம், அதே ஈட்டிக்காரர்கள், அதே நூறு பேர். 'குதிரை பறக்கிறதா?' என்று கேட்டேன். நூறு பேரும் பறக்கிறது என்றார்கள். நேற்று தன் வீட்டுக் கூரையில் வந்து இறங்கியது என்றுகூட ஒருவன் சொன்னான். பிரதானியார் இப்போதே ஏறி, கோட்டை மதிலிலிருந்து ஒரு சுற்றுப் பறந்து காட்டட்டும்."

பிரதானிக்கு வேர்த்துக் கொட்டியது. "ஈட்டியைக் காட்டிக் கேட்டால் எவன்தான் உண்மையைச் சொல்வான்!" என்று அலறிவிட்டார். அலறிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா தாடியைத் தடவினார். "சரி, வேறு யாரைக் கேட்பது?"

உலகளந்தான் முன்னே வந்தான். "மண்டைக்குக் கட்டுப்போடும் வைத்தியர் மருதப்பரைக் கேட்டேன், மகாராஜா. எல்லா ஊரிலிருந்தும் மண்டை வருகிறதாம். வடகரையிலிருந்து மட்டும் வருவதில்லையாம். அங்கே ஏரி மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பை வாலிபர்களிடமே விட்டிருக்கிறார்கள். குடித்தவன் மடையைத் தொடக்கூடாது என்று அவர்களே விதி வைத்துக்கொண்டார்களாம். சாயங்காலமானால் தண்ணீர் கேட்டு ஊரே அவர்களைத் தேடிக்கொண்டு வருகிறது."

"வடகரைக்காரர்கள் பிறவியிலேயே சாதுக்களாக இருந்தால்?" என்றார் ராஜா.

"நியாயமான சந்தேகம். தென்கரைக்காரர்கள் சாதுக்கள் இல்லையே? அங்கேயும் மடையைக் கொடுத்துப் பார்ப்போம். மற்ற ஊர்களை அப்படியே விட்டுவைப்போம். ஆறு மாதம் கழித்து ஒப்பிடலாம். அதுவரை யானைகள் கொட்டடியிலேயே இருக்கட்டும்."

ராஜா சம்மதித்தார். உலகளந்தான் தன் மகனைத் தென்கரை மடைக்கே அனுப்பிவைத்தான்.

ஆறு மாதம் கழிந்தது. கள்ளுக்கடை வெள்ளச்சி தலைவிரிகோலமாகச் சபைக்கு வந்தாள். "தென்கரையில வாங்க ஆளில்ல சாமி! பானை பானையாப் புளிச்சுப் போகுது!"

பின்னாலேயே வைத்தியர் மருதப்பர் வந்தார். "மற்ற ஊர் மண்டைகள் வழக்கம்போல வருகின்றன, மகாராஜா. தென்கரை மண்டைதான் ஒன்றுகூட வரவில்லை. என் பிழைப்பு என்னாவது?"

"பலித்துவிட்டது!" என்று ராஜா துள்ளினார். நாட்டிலுள்ள மடைகளையெல்லாம் வாலிபர்களிடம் ஒப்படைக்க உத்தரவு போட்டார். உலகளந்தானின் கண் கலங்கியது. மகன் மூன்று மாதமாகத் தெளிந்த முகத்தோடு வீடு வந்துகொண்டிருந்தான்.

"இன்னொன்று, மகாராஜா" என்றார் மருதப்பர். "அரண்மனையிலிருந்தும் ஒரு மண்டை வந்தது. கோட்டை மதிலிலிருந்து வைக்கோல் போரில் விழுந்த மண்டை. நல்லவேளை, குதிரை மட்டும் குதிக்க மறுத்துவிட்டதாம்."

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பிரதானி பெரும்பற்றப் பிள்ளை தலைப்பாகையைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நூறு பேர் சொன்னார்களே, மகாராஜா" என்று முனகினார். "ஒருவேளை பறக்குமோ என்று…"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மறுபடியும் உருண்டது.