எல்லாக் குதிரிலும் தாமரை

முன்னொரு காலத்தில் குளந்தை நாட்டைப் பரிதிவர்மன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. காலையில் அவனுக்கு ஒன்று தோன்றினால் மாலைக்குள் அது சட்டமாகிவிடும். மறுநாள் அவனுக்கே மறந்துபோகும். மக்கள்தான் அதைச் சுமந்துகொண்டு திரிவார்கள்.

அரண்மனைக் களஞ்சியத்தில் நெற்குதிர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அமைச்சர் அம்பலவாணர் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் போட்டுவைத்திருந்தார். நாற்று வரைந்திருந்தால் விதைநெல். பானை என்றால் சோற்றுக்காகப் புழுக்கிக் காயவைத்த நெல். குளம்பு என்றால் குதிரைத் தீனி. புழுக்கின நெல்லும் உமியோடுதான் இருக்கும், அவசரத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மண்ணில் போட்டால் மட்டும் முளைக்காது.

ஒருநாள் அரசன் களஞ்சியம் பார்க்க வந்தான். அமைச்சர் பதவியின்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த இளஞ்சிங்கர் என்ற சபைப் பிரமுகரும் கூடவே வந்தார்.

"அரசே, இங்கே பானைக்கு இடம் இருக்கிறது, குதிரைக் குளம்புக்கும் இடம் இருக்கிறது. உங்கள் தாமரை முத்திரையைத்தான் காணோம்" என்றார் அவர்.

அரசன் முகம் சுருங்கிப்போயிற்று. நெல் என்றால் நெல்தான், எல்லாவற்றுக்கும் தாமரையே போடுங்கள் என்று உத்தரவிட்டான். நெல் எந்த வேலைக்குப் போகிறது என்பதைச் சொல்லத்தான் இந்த அடையாளங்கள் என்று அமைச்சர் எடுத்துச் சொன்னார். அதைக் களஞ்சியக்காரர்கள் மனப்பாடம் செய்துகொள்ளட்டுமே என்று இளஞ்சிங்கர் சிரிக்க, அரசனும் சிரித்துவிட்டான். அன்றே எல்லாக் குதிருக்கும் செம்மண் பூசி, அதன்மேல் சுண்ணாம்பால் அழகழகாய்த் தாமரை வரைந்தார்கள்.

முந்தின ஆண்டு வறட்சியில் ஊர்கள் விதைநெல்லையும் குத்தித் தின்றிருந்தன. அதனால் இந்த முறை அரண்மனையே விதை கொடுத்தது. வழங்கியவர் இளஞ்சிங்கர். கருவேலங்குடி ஊர்த்தலைவன் கருத்தப்பனின் மனைவி சின்னக்காளி ஒரு கை அள்ளி முகர்ந்துபார்த்து, வெந்த வாடை அடிக்கிறதே என்றாள். அரசர் கொடுத்த நெல்லில் குற்றம் பார்க்கிறாயா என்று அவளை வரிசையிலிருந்து தள்ளிவிட்டார்கள். பாவம், அவள் மூக்கு சொன்னதை யார் கேட்டார்கள்?

அந்தப் பக்கம் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதுதான் வழக்கம். மழை வந்தது, நல்ல மழை. வயலில் கோரை முளைத்தது, நெல் முளைக்கவில்லை.

கொடுத்த விதையைத் தின்றுவிட்டு நாடகமாடுகிறார்கள் என்று இளஞ்சிங்கர் அரசன் காதில் ஓதினார். அரசனும் நம்பிவிட்டான். ஊருக்குத் தலைவன் என்பதால் கருத்தப்பனுக்குக் கசையடியும் சிறையும் கிடைத்தன.

சின்னக்காளி அமைச்சர் வீட்டு வாசலில் வந்து விழுந்தாள். வெந்த வாடை என்று அவள் சொன்னதுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேரே போய்ச் சொன்னால், பழைய அடையாளத்தை அழித்த கோபத்தில் பேசுகிறார் என்பான் அரசன். வேடிக்கை காட்டினால்தான் அவனுக்கு எதுவும் ஏறும்.

மறுநாள் சபையில் அமைச்சர் மண் நிரப்பிய இரண்டு தொட்டிகளை வைத்தார். இளஞ்சிங்கருக்கு நல்ல கைராசி என்று கேள்விப்பட்டேன், அவர் விதைத்துக் காட்டட்டும், கருவேலங்குடிக்குக் கொடுத்த அதே குதிரிலிருந்து என்றார். இளஞ்சிங்கர் மீசையை நீவிக்கொண்டு விதைத்தார். மற்றதில் அமைச்சர் தம் வீட்டு விதைநெல்லைத் தூவினார். அரசனுக்கு ஒரே குஷி. தினமும் காலையில் தானே தண்ணீர் ஊற்றினான்.

அமைச்சரின் தொட்டி பச்சை கட்டியது. மற்றது வெறும் மண்ணாகவே கிடந்தது.

அமைச்சர் கைகூப்பினார். "அரசே, இளஞ்சிங்கர் உங்கள் விதையைத் தின்றுவிட்டார். கருத்தப்பனுக்குக் கொடுத்த அடியை இவருக்கும் கொடுக்க வேண்டும்."

இளஞ்சிங்கருக்கு வேர்த்து ஊற்றியது. "சபை பார்க்கத்தானே விதைத்தேன்! குதிரில் இருந்ததைத்தானே விதைத்தேன்!"

"கருத்தப்பனும் இதையேதான் சொன்னான்" என்றார் அமைச்சர்.

அரசன் எழுந்துவந்து மண்ணைக் கிளறி ஒரு நெல்லை எடுத்து உரித்துப் பார்த்தான். புழுங்கல் அரிசி. கருத்தப்பனை உடனே விடுவிக்கச் சொல்லி ஆள் அனுப்பினான். போனவன் தலைகுனிந்து திரும்பி வந்தான். அடிபட்ட புண்ணில் காய்ச்சல் கண்டு கருத்தப்பன் அன்று விடியற்காலையிலேயே போய்விட்டான்.

இளஞ்சிங்கரின் பட்டமும் பட்டாடையும் சபையிலேயே பறிபோயின. அது யாருக்கும் இனிக்கவில்லை. அரசன் தன் பொற்சங்கிலியைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"விதை முளைக்கட்டும் என்று காத்திருந்தேன், அரசே. முதல் நாளே உங்கள் காலைப் பிடித்துக் கதறியிருக்க வேண்டும். கெட்டிக்காரன் என்ற பெயர் என்னைக் கதறவிடவில்லை" என்றார்.

சின்னக்காளியை அழைத்து, என்ன வேண்டுமானாலும் கேள் என்றான் அரசன். அவள் அந்தப் பச்சைத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மழ நின்னுபோச்சு, மவராசா. இனிமே வெத குடுத்தும் என்ன செய்ய? அவரக் குடுங்க, ஊருக்கு எடுத்துட்டுப் போறேன்."

அவள் போன பிறகு அரசன் சுண்ணாம்புக் கலயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாகக் களஞ்சியத்துக்குள் போனான். முதல் குதிரில் தாமரை, அடுத்ததில் தாமரை, கடைசிவரை தாமரை. நாற்றை எதில் வரைவது என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.