புலவர் கச்சை கட்டிய கதை

ஆலங்கோட்டை அரசர் வீரகேசரிக்கு ஒரு பொல்லாத வியாதி. எதைக் கண்டாலும் வரிசைப்படுத்தியாக வேண்டும். ஊறுகாயில் எது உசத்தி, யானையில் எது உசத்தி, மாமனாரில் எவர் உசத்தி என்று சபையில் கேள்வியைப் போட்டுவிட்டு, மற்றவர்கள் முட்டி மோதுவதை வெற்றிலை மென்றபடி வேடிக்கை பார்ப்பார். மாமனார் விஷயத்தில் ராணிமார் இருவரும் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள். அப்போதாவது மனுஷருக்குப் புத்தி வந்ததா என்றால், அதுதான் இல்லை.

ஒரு நவராத்திரி சமயம் அவருக்குக் குத்துச்சண்டை மேல் சந்தேகம் வந்தது. தாத்தா காலம் தொட்டு இன்றுவரை அரண்மனையில் இருந்த குத்துவீரர்களில் யார் பெரியவன்? அரண்மனைச் சரித்திரத்தைப் பாட்டாகக் கட்டும் சதாசிவப் புலவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றார்.

புலவர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி எழுந்தார். அவருக்கு உள்ளே ஒரு புகைச்சல். இப்போதைய குத்துவீரன் மாசிலாமணி, ஜெயித்த பிறகு அவர் வீட்டுக்குப் பழத்தட்டு அனுப்ப மறந்துவிட்டான். அவ்வளவுதான் சங்கதி. முதலிடம் தாத்தா காலத்துக் கொம்பேறிக்கு என்றார். ஒரே குத்தில் மதயானையை மண்டியிட வைத்தவனாம். அடுத்தது அப்பா காலத்து இடும்பன். இதுவரை எவனிடமும் தோற்காத மாசிலாமணிக்குக் கடைசி இடம். இந்தக் காலத்துச் சோறு சோறா, இந்தக் காலத்து எதிராளி எதிராளியா, கொம்பேறிக்குத் துண்டு பிடிக்கக்கூட இவன் லாயக்கில்லை என்று நீட்டி முழக்கினார்.

அரசர் தலையாட்டினார். அப்படியானால் மாசிலாமணி கையிலுள்ள வெள்ளிக் காப்பைக் கழற்றிக் கொம்பேறியின் சிலைக்குப் போட்டுவிடலாம், இவன் நாளை முதல் லாயத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டட்டும் என்று சொல்லிவிட்டார்.

மலை போன்ற மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. உயிரோடு இருப்பவன் என்றால் களத்தில் பார்த்துக்கொள்ளலாம். செத்தவனை எப்படிக் குத்துவது? பாவம், அவன் விகடகவி நாவலிங்கத்தைப் பார்த்தான்.

நாவலிங்கத்துக்கு இந்த அநியாயம் பொறுக்கவில்லை. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. புலவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒத்து ஊதினான். ஒரே ஒரு குறை, சண்டை போடாமல் காப்பு கைமாறும் வழக்கம் இந்த அரண்மனையில் இல்லையே என்று இழுத்தான்.

"செத்தவன் எப்படியடா சண்டைக்கு வருவான்?" என்றார் அரசர்.

"அதற்கும் தங்கள் தாத்தாவே வழி சொல்லியிருக்கிறார், மகாராஜா. களத்துக்கு வராத வீரனுக்காக எவன் பெருமை பேசுகிறானோ, அவனே கச்சை கட்டி இறங்க வேண்டும். கரையில் நின்று வாய்வீச்சு வீசுகிறவர்களை அடக்க வந்த சட்டம். அருமையான சட்டம் என்று நம் புலவரே வருஷா வருஷம் பாடுகிறாரே."

அரசருக்கு வெற்றிலை மெல்லுவது மறந்துபோயிற்று. முகம் மலர்ந்து, சாயங்காலமே சண்டை என்று உத்தரவு போட்டார்.

ஊரே களத்தில் கூடிவிட்டது. தொந்திக்குக் கீழே கச்சை நிற்காமல் நழுவ நழுவ, ஒரு கையால் அதைப் பிடித்தபடி புலவர் வந்து நின்றார். மாசிலாமணி கள்ளம் கபடம் இல்லாதவன். பெரியவர் என்று முறையாகக் கும்பிட்டுவிட்டு, வலது முஷ்டியை இடது உள்ளங்கையில் ஒரு தடவை குத்திப் பார்த்துக்கொண்டான். அந்தச் சத்தத்தில் களத்து ஓரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன.

சரித்திரத்தில் சின்னத் திருத்தம் இருக்கிறது என்றார் புலவர். அந்த யானைக்கு மதம் பிடித்திருக்கவில்லையாம். மாசிலாமணி ஓர் அடி முன்னால் வைத்தான். யோசித்துப் பார்த்தால் அது குட்டி யானை என்றார். இன்னும் ஓர் அடி. அந்தக் குட்டிக்கும் நாலு நாளாகப் பேதி என்று நினைவு வந்தது. மாசிலாமணி கையை ஓங்கினான்.

"யானை என்று யார் சொன்னது? எருமை. அதுவும் தானாகத்தான் படுத்தது!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாசிலாமணிதான் முதல்வன் என்று புலவர் மூன்று பக்கமும் திரும்பிச் சொன்னார். அவர் நடுங்குவதைப் பார்த்து மாசிலாமணி தன் துண்டை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டான். காப்பு அவன் கையிலேயே தங்கியது. கொம்பேறியும் நல்ல வீரன்தான், அவன் போன பிறகு யானைதான் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துவிட்டது என்றான் நாவலிங்கம்.

அதோடு விட்டிருக்கலாம். வியாதி விடுமா? அரசர் சிரிப்பை நிறுத்தி, "அது கிடக்கட்டும். எங்கள் வம்சத்து அரசர்களில் நான் எத்தனையாவது?" என்று கேட்டுவைத்தார்.

துண்டுக்குள்ளிருந்து புலவர் தலையை நீட்டி, இதை நாவலிங்கம்தான் சொல்ல வேண்டும் என்றார். முதல் என்றால் முன்னோர்களுக்கு அவமானம். இரண்டாவது என்றால் இவன் தலை போய்விடும். நாவலிங்கம் குனிந்து கும்பிட்டான்.

"கடைசி, மகாராஜா."

அரசரின் கை வாளுக்குப் போயிற்று.

"முதலிடத்துக்கு ஒரே ஒரு தகுதி வேண்டும். கொம்பேறிக்கு அது இருந்தது, தங்கள் தாத்தாவுக்கும் இருக்கிறது. செத்துப்போயிருக்க வேண்டும். தங்களுக்கு என்ன அவசரம்? நூறு வருஷம் கடைசியிலேயே இருங்கள்."

வாளுக்குப் போன கை கழுத்துக்குப் போயிற்று. முத்துமாலையைக் கழற்றி நாவலிங்கத்துக்குப் போட்டுவிட்டு, கடைசி இடத்து அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.