முகிலின் ஸ்பிரிங்

"அம்மிணி, இந்த வண்டி என்னைத் தூக்கித் தூக்கி எறியுது. இதுக்கு என்னைப் புடிக்கலைன்னு நெனைக்கிறேன்."

கோத்தகிரிக்குக் கீழே இருக்கிற சைக்கிள் ஒர்க்‌ஷாப் வாசலில் பந்தய சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டு குழந்தைவேலு இப்படிச் சொன்னார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. உதடு வீங்கியிருந்தது. ஐம்பதைத் தாண்டிய மனுஷன், மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர், இந்தக் கோலத்தில் வந்து நின்றால் யாருக்குத்தான் மனசு கேட்கும்?

ஜெசிந்தாவுக்கும் கேட்கவில்லை. ஆனால் அவள் அதை வெளியே காட்டுகிற ரகம் இல்லை.

அவளுக்கு அவரில் பாதி வயதுதான். சைக்கிளில் மலைச்சரிவு இறங்கும் பந்தயத்தில் ஒருகாலத்தில் இந்த மலையில் அவளை முந்த ஆள் கிடையாது. இப்போது பந்தய வண்டிகளைச் சரி செய்து கொடுக்கிறாள். ஓட்டுகிற பசங்கள் அவளைக் 'குரு' என்பார்கள். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

"எந்த இடத்துல எறியுது?"

"பாறையிலிருந்து குதிக்கிற இடத்துல. போன வாரமும் அங்கதான், இன்னைக்கும் அங்கதான்."

"என்ன செஞ்சீங்க?"

"காலரை இறுக்கினேன்."

"அப்புறம்?"

"இன்னும் இறுக்கினேன்."

"அப்புறம்?"

"இதுக்கு மேல சுத்த மாட்டேங்குது, அம்மிணி."

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். வண்டியின் பின்பக்கத்தில் குலுக்கலைத் தாங்குகிற ஷாக்கைச் சுற்றி ஒரு ஸ்பிரிங். அதன் தலையில் ஒரு காலர். காலரைத் திருகினால் ஸ்பிரிங் கொஞ்சம் இறுகும். கொஞ்சம்தான். மெல்லிய ஸ்பிரிங்கை எவ்வளவு திருகினாலும் அது தடித்த ஸ்பிரிங் ஆகிவிடாது.

அந்த ஸ்பிரிங்கில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பெயர் இருந்தது. முகில்.

எழுதியது ஜெசிந்தாதான். ஓட்டுகிறவரின் எடைக்குப் பொருத்தமான ஸ்பிரிங்கைத் தேர்ந்து மாட்டி, அதில் அவர் பெயரை எழுதுவது அவள் வழக்கம். ஒருத்தர் ஸ்பிரிங்கை இன்னொருத்தர் தொட்டால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும்.

முகில் குழந்தைவேலுவின் ஒரே பையன். ஒல்லிப் பையன். இந்த வருஷப் பந்தயத்துக்காக மாய்ந்து மாய்ந்து பழகிக்கொண்டிருந்தவன். மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தான், எழுந்திருக்கவே இல்லை.

காரியம் முடிந்த அன்றைக்கு அவன் அம்மா பூங்கோதை ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த வண்டி ஒரு தடவையாவது மேலேர்ந்து கீழ வந்து சேர்றதை நான் பாக்கணும்."

அவ்வளவுதான். அப்புறம் அவள் வாய் மூடிக்கொண்டது. கல்யாணமாகி, பையன் பிறந்த நாளிலிருந்து புருஷனை அவள் 'முகில் அப்பா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது எந்தப் பேரைச் சொல்லியும் கூப்பிடுவதில்லை. சாப்பாடு எடுத்து வைத்தால் தட்டில் கரண்டியால் தட்டுவாள். அவர் வந்து உட்கார்ந்துகொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். குழந்தைவேலு தன் பெயரைக் கொடுத்திருந்தார். ஜெயிக்கிற ஆசையெல்லாம் இல்லை. அவள் பார்க்க, வண்டி கீழே வந்து சேர வேண்டும்.

ஜெசிந்தா அலமாரியிலிருந்து தடித்த ஸ்பிரிங் ஒன்றை எடுத்து வைத்தாள்.

"மாத்தணும், அண்ணா. உங்க எடையை இது தாங்காது."

"மாத்த மாட்டேன்."

"காலி பஸ்ஸுக்குப் போடுற ஸ்பிரிங் பட்டையைப் போட்டுக்கிட்டுத் திருவிழாக் கூட்டத்தை ஏத்துவீங்களா?"

"அது பஸ்ஸு."

"இது?"

"இது என் பையன்."

ஜெசிந்தா தடித்த ஸ்பிரிங்கை அவர் பக்கம் நகர்த்தினாள். குழந்தைவேலு விடவில்லை. அடம் என்று வந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது.

"வீட்டுல நானே அளந்தேன் அம்மிணி. ஏறி நின்னா எவ்வளவு அமுங்கணுமோ அவ்வளவுதான் அமுங்குச்சு. அவனுக்கு நீ வச்ச அதே அளவு!"

"எப்படி அளந்தீங்க?"

"ஒரு கை சுவத்துல. ஒரு கால் தரையில. குனிஞ்சு டேப்பை வச்சேன்."

பாதி எடையைத் தரையிலும் சுவரிலும் வைத்துவிட்டு மிச்சத்தை அளந்திருக்கிறார் மனுஷன்.

"இங்க ஏறுங்க. ரெண்டு காலும் பெடல்மேல."

அவர் ஏறினார். கை தானாகச் சுவரைத் தேடியது.

"சுவரைத் தொடக்கூடாது."

"அப்ப யாரு வண்டியைப் புடிப்பா?"

கேட்ட பிறகுதான் அவருக்கே ஞாபகம் வந்தது. இதே இடத்தில் முகில் ஏறி நிற்பான். ஜெசிந்தா டேப் பிடிப்பாள். முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வது அவர்தான். அவன் நாக்கைத் துருத்திக் காட்டுவான். அவர் முறைப்பார்.

இப்போது அந்த இடத்தில் ஆள் இல்லை.

ஜெசிந்தா எழுந்து வெளியே போனாள். அவர்கள் வந்த ஜீப்பிலேயே பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். பையன் போனதிலிருந்து அவன் சைக்கிளை அவள் தொட்டதில்லை, பக்கத்தில் வந்ததுகூட இல்லை.

"அக்கா, வண்டி புடிக்க ஆள் வேணும்."

பூங்கோதை தலையை ஆட்டினாள், முடியாது என்று.

ஜெசிந்தா போகவில்லை. கெஞ்சவும் இல்லை. ஜீப் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள்.

ரொம்ப நேரம் கழித்து பூங்கோதை இறங்கினாள்.

உள்ளே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். குழந்தைவேலு இரண்டு காலையும் தூக்கிப் பெடல்மேல் வைத்தார்.

வண்டி அமுங்கியது. அமுங்கிக்கொண்டே போனது.

ஜெசிந்தா டேப்பை அவரிடம் காட்டவில்லை. பூங்கோதையிடம் காட்டினாள்.

"பாத்தீங்களா அக்கா? சும்மா நிக்கும்போதே இவ்வளவு அமுங்கிடுச்சு. பாறையிலிருந்து குதிச்சா அடியில போய் இடிக்கும். இடிச்சா எறியும். உதட்டோட போனது அதிர்ஷ்டம்."

பூங்கோதை நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். வீங்கிய உதட்டைப் பார்த்தாள். முழங்கையைப் பார்த்தாள். ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஆனால் இதையெல்லாம் அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"கழட்டிடு," என்றாள்.

"அதுல அவன் பேரு இருக்கு, பூங்கோதை!"

"தெரியும்."

"கழட்டிட்டா அப்புறம் இந்த வண்டியில அவன் எங்க இருக்கான்? சொல்லு!"

அவர் வண்டியை விட்டு இறங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஜெசிந்தா ஸ்பிரிங்கைக் கழற்றினாள். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, பெயர் மேலே தெரியும்படி பூங்கோதையின் கையில் வைத்தாள்.

பூங்கோதை அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். துளிகூட அமுங்கவில்லை.

"அவன் ஏறினா அமுங்கும்," என்றார் குழந்தைவேலு, திரும்பிப் பார்த்து.

அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். அவரும் அழுதார். ஜெசிந்தா முதுகைக் காட்டிக்கொண்டு புது ஸ்பிரிங்கை மாட்டி, காலரைக் கையால் திருகி, ஸ்பிரிங்கில் பட்டதும் இன்னும் ஒரு சுற்று மட்டும் சுற்றி நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"ஏறுங்க, அண்ணா."

அவர் ஏறினார். பூங்கோதை ஸ்பிரிங்கை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள். வண்டி கொஞ்சம் அமுங்கி நின்றது.

ஜெசிந்தா டேப்பை வைத்துப் பார்த்தாள். தலையசைத்தாள். பெயின்ட் டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷைத் தோய்த்து எடுத்தாள்.

"என்ன பேரு எழுதட்டும்?"

குழந்தைவேலு பூங்கோதையைப் பார்த்தார்.

"முகில் அப்பான்னு எழுது, அம்மிணி," என்றாள் பூங்கோதை.