ஆட்காட்டி மறுத்த விருந்து

ஒரு காட்டில் நடந்ததென்றால் சட்டென்று சொல்லி முடித்துவிடலாம். இது ஏழு காடுகளில் நடந்தது, குழந்தைகளே. ஏழுக்கும் சேர்த்து ஒரே ஓடை. மலைக்காட்டில் பிறந்து, வழியெல்லாம் வளைந்து நெளிந்து, கடைசியில் பொட்டல்காட்டில் வந்து படுத்துக்கொள்ளும்.

பொட்டல்காட்டில் செம்மூக்கி என்றோர் ஆட்காட்டிக் குருவி இருந்தாள். வாய் என்றால் அப்படியொரு வாய். அவள் ஒரு சத்தம் போட்டால், அடுத்த காட்டில் பகல் தூக்கம் போடும் ஆந்தை கிளையிலிருந்து கீழே விழும்.

கூழாங்கல் தரைதான் அவளுக்குக் கூடு. அதில் நான்கு முட்டைகள். வெயில் ஏறியதும் அவளும் அவள் கணவனும் மாறி மாறி ஓடைக்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகள்மேல் உட்காருவார்கள். அந்த ஈரம் இல்லாவிட்டால் முட்டை வெந்துபோகும்.

அந்தக் கோடையில் ஓடை வந்து சேரவில்லை. மேலே யானை, தன் கூட்டம் குளிப்பதற்காகத் தாத்தா காலத்து மடுவை இன்னும் பெரிதாகப் பறித்து ஓடையைத் திருப்பிக்கொண்டது. சற்றுக் கீழே காட்டுப்பன்றி, சேற்றில் புரள ஒரு பள்ளம் தோண்டி மிச்சத்தையும் இழுத்துக்கொண்டது. பொட்டலில் மிஞ்சியது ஒரே ஒரு குட்டை.

ஓடையைக் காப்பதற்கென்று ஏழு காடுகளுக்கும் ஒரு சபை இருந்தது. எந்தக் காடு காய்ந்து கிடக்கிறதோ அங்கே போய்க் கூடுவது அதன் வழக்கம். அந்த வருடம் பொட்டலுக்கு வந்தார்கள். வந்த களைப்பில், முதல் காரியமாக அந்தக் குட்டையைக் குடித்துத் தீர்த்தார்கள்.

சபைத் தலைவரான மயில் எழுந்தது. "பொட்டல்காட்டின் நிலை கண்டு இச்சபை ஆழ்ந்த கவலை கொள்கிறது!"

"கவலையில் என் வயிறு நனையுமா?" என்று சீறினாள், பொட்டல்காட்டின் சார்பில் சபையில் உட்கார்ந்திருந்த செம்மூக்கி. "மடுவையும் பள்ளத்தையும் மூடச் சொல்லுங்கள்!"

"மூடலாமே," என்றது பன்றி. "முதலில் யானையார் மூடட்டும். அவர் தாத்தா காலத்திலிருந்து குளிக்கிறார். நான் நேற்றுத்தான் புரளவே ஆரம்பித்தேன்."

"தாத்தா குளித்ததற்கு நான் என்ன செய்வேன்?" என்றது யானை. "இன்றைக்கு அதிகம் இழுப்பது நீதானே! நீ மூடு, அடுத்த நொடி நான் மூடுகிறேன்."

"பெரியவர் முன்னால் போகட்டும்!"

"கொழுத்தவன் முன்னால் போகட்டும்!"

விதிமுறை தெரிந்த நரி தொண்டையைச் செருமியது. "எல்லோரும் சம்மதித்தால்தான் தீர்மானம். ஒருவர் மறுத்தாலும் செல்லாது. இங்கே இருவர் மறுக்கிறார்கள். ஆகவே, அடுத்த வருடம் பேசலாம். இப்போது விருந்து!"

குரங்குகள் பலாவும் கரும்பும் விளாம்பழமும் குன்றுபோலக் குவித்திருந்தன. யானையின் துதிக்கை நீண்டது.

"நில்லுங்கள்!" என்றாள் செம்மூக்கி. "நரியாரே, விருந்தும் சபையின் தீர்மானம்தானே?"

"அது... வழக்கமாக..."

"வழக்கத்தை யார் கேட்டது? தீர்மானம்தானே?"

"தீர்மானம்தான்," என்று முனகியது நரி.

"மறுக்கிறேன்."

துதிக்கை பாதியில் நின்றது.

"ஏ குருவி, சாப்பாட்டில் விளையாடாதே!" என்று பல்லைக் கடித்தது பன்றி.

"என் பிள்ளைகளை உயிரோடு அவிக்கிறாயே, அது மட்டும் விளையாட்டா?"

யானை நரியின் காதருகே குனிந்தது. "விதியில் சந்து பொந்து ஏதும் இல்லையா?"

"ஒன்று இருக்கிறது. மறுத்தவர் சபையை விட்டு எழுந்து போனால், மறுப்பும் கூடவே போய்விடும்."

எல்லோரும் முட்டைகளைப் பார்த்தார்கள். பிறகு வெயிலைப் பார்த்தார்கள். பன்றி சாவகாசமாக உட்கார்ந்தது. "காத்திருப்போம். பெற்றவள் எவ்வளவு நேரம் தாங்குவாள்?"

வெயில் ஏறியது. முட்டைகள்மேல் இருந்த கணவன் கூவினான்: "செம்மூக்கி! இறகு காய்ந்துவிட்டது. நான் பக்கத்துக் காட்டுச் சுனைக்குப் போய் நனைத்து வருகிறேன். நீ வந்து நிழல் கொடு!"

"நான் வரமாட்டேன். நீ போய் வா."

"அதுவரை முட்டை வெயிலில் கிடக்குமே!"

"தெரியும். போ." அந்த ஒரு தடவைதான் அவள் குரல் தாழ்ந்து ஒலித்தது.

அவன் பறந்தான், வந்தான், மறுபடி பறந்தான். செம்மூக்கி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

உச்சிவெயிலில் பலாப்பழம் வெடித்து, அதன் மணம் ஏழு காடுகளையும் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. யானையின் வயிறு உறுமிய உறுமலில், மழை மேகம்தான் இடிக்கிறதென்று மயில் தோகை விரித்து ஆடவே தொடங்கிவிட்டது. பன்றி பசியில் தன் வாலையே ஒருமுறை கடித்துப் பார்த்தது.

"மூடித் தொலைக்கிறேன்!" என்று பிளிறியது யானை.

"நானும்!" என்றது பன்றி.

"யார் முதலில்?" என்று கேட்டது நரி.

"ஒரே நேரத்தில்!" என்று இரண்டும் அலறின.

எத்தனையோ வருடம் முடியாத காரியம், ஒரு வேளைச் சாப்பாடு தள்ளிப்போனதும் முடிந்துவிட்டது.

நரி இழுத்தது: "அடுத்த கோடைக்குள் மூடுவதாக..."

"மூடிவிட்டு வந்து சாப்பிடுங்கள்," என்றாள் செம்மூக்கி. "அதுவரை நான் இங்கேதான் இருப்பேன்."

யானையும் பன்றியும் மலைக்கு ஓடிய ஓட்டத்தில் கிளம்பிய புழுதிக்குச் சூரியனே தும்மியது. பொழுது சாயுமுன் ஓடை சலசலத்துக்கொண்டு பொட்டலுக்கு வந்து சேர்ந்தது. அதன் பின்னாலேயே இருவரும் மூச்சிரைக்க வந்து விருந்தில் விழுந்தார்கள்.

செம்மூக்கி ஓடிப்போய் வயிற்றை நனைத்துக்கொண்டு முட்டைகளிடம் வந்தாள். இரண்டில் உயிர் துடித்தது. இரண்டு வெந்துபோயிருந்தன.

மயில் எழுந்து தலை குனிந்தது. "மறைந்த குஞ்சுகளுக்காக இச்சபை ஓர் இரங்கல் தீர்மானம்..."

"குட்டையைக் குடித்த வாயால் இரங்காதே!" செம்மூக்கியின் கத்தலில் பலாச்சுளைகள் உருண்டன. "துக்கம் என் வீட்டுக் காரியம், நான் பார்த்துக்கொள்கிறேன். ஓடைதான் உங்கள் காரியம். போய்க் கரையில் நில்லுங்கள், அத்தனை பேரும்!"

யானை வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டது. பன்றி கரும்பை மென்றபடியே தலையாட்டியது. செம்மூக்கி, வெந்த இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மீதி இரண்டின்மேல் ஈர வயிற்றோடு உட்கார்ந்தாள்.

நீதி: பிறர் பிள்ளை வேகும்போது நாள் கடத்துகிறவனுக்குத் தன் சாப்பாடு தள்ளிப்போனால்தான் அவசரம் புரியும், அதற்குள் வெந்தது வெந்ததுதான்.