ஊசி தந்த பிரம்மச்சரியம்

அந்த மலையடிவாரத்து ஆசிரமத்தில் மரகதத்தம்மாதான் குரு. எல்லாருக்கும் அவர் அம்மா. சீடர்களில் மூத்தவர் பூதலிங்கம். குருவைவிடவே பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்று, மனைவி போன பிறகு வந்து சேர்ந்தவர்.

வந்ததுமே பிரம்மச்சரியம் ஏற்றுக்கொண்டார். ஏற்றது வாய்தான், உடம்பு ஏற்கவில்லை. பௌர்ணமி அன்னதானத்தில் பெண்கள் பந்திப் பக்கமே போகமாட்டார். வளையல் சத்தம் கேட்டால் போதும், வாளியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு ஓடைக்குப் போய்க் கழுத்தளவு தண்ணீரில் நிற்பார். பல வருஷம் இப்படியே போயிற்று.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குச் சிறுநீர் கழிப்பதே பாடாகிவிட்டது. திருநெல்வேலியில் காட்டியபோது புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். பயப்பட வேண்டாம், ஊசியிலேயே அடக்கி வைக்கலாம் என்றும் சொன்னார்கள்.

ஊசி போட ஆரம்பித்துச் சில மாதம் கழித்து ஒரு பௌர்ணமியில், ஆள் குறைவு என்று ரச வாளியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பந்திக்குப் போனார். ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தார். உள்ளே ஒன்றுமே அசையவில்லை.

பார்த்தவர்கள் வியந்தார்கள். "சாமி முகத்துல என்ன சாந்தம்! நல்லாப் பழுத்துட்டாங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"வர்ற பௌர்ணமிக்குப் பூதலிங்கத்துக்குக் காவி குடுத்துருவோம்," என்றார் அம்மா.

எத்தனையோ வருஷமாக அவர் ஏங்கிக் கிடந்த வார்த்தை. ஆனால் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒரு காலையில் துணிமணியை மடித்துப் பையில் வைத்தார். பையோடு அடுப்படிக்குப் போனார். அங்கே அம்மா, சமையல்காரி இசக்கியம்மாளோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எனக்குக் காவி வேண்டாம் அம்மா."

"பின்னே யாருக்குக் குடுக்க?"

"அந்த ஊசிக்குக் குடுங்க."

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டர் விளக்கமாச் சொன்னார். ஆம்பளைச் சுரப்புதான் அந்தக் கட்டிக்குத் தீனியாம். சுரக்கச் சொல்லி மூளை அனுப்புற உத்தரவை இந்த ஊசி நிறுத்திருதாம். சுரப்பு வத்தினா ஆசையும் வத்திருமாம். இத்தனை வருஷம் தண்ணியில நின்னு என்னால முடியாததை ஒரு நர்ஸம்மா அரை நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. ஜனங்க என்னைக் கும்பிடுறாங்க அம்மா. கூசுது."

சொல்லும்போதே அவர் முகம் சிவந்து, நெற்றியில் வியர்வை பொங்கியது. இசக்கியம்மாள் சட்டென்று விசிறியை எடுத்து வீசினாள்.

"எனக்கும் இதேதான் சாமி, தீட்டு நின்னதிலேருந்து. நெஞ்சுலேருந்து குபீர்னு ஏறும். காரணமே இல்லாம அழுகையும் வருமே?"

"வருது," என்றார் பூதலிங்கம், தணிந்த குரலில். "பொம்பளைகளுக்கு வர்றது எனக்கு எப்படி வருது?"

"சுரந்தது நின்னா ஆம்பளை என்ன, பொம்பளை என்ன?" என்றார் அம்மா. "எனக்கும் வந்துதானே போச்சு. ஒரு வருஷம் எல்லாரையும் திட்டிக்கிட்டே இருந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. குரு நம்ம ஆணவத்தை அடிச்சு நொறுக்குறாங்கன்னு பேசிக்கிட்டோம்."

"தூக்கமில்லாத எரிச்சல்ல திட்டினேன்."

இசக்கியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பூதலிங்கத்துக்கும் சிரிப்பு பீறிட்டு வந்தது. வியர்வை அடங்கி, விசிறிக்காற்று சில்லென்று பட்டது. மனசு இப்படி லேசாகி எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கே தோன்றியது.

ஆனாலும் அவர் விடவில்லை.

"எரிஞ்சப்போ அது சுரப்போட வேலை. அணைஞ்சப்போ ஊசியோட வேலை. அப்போ இதுல நான் எங்கே இருக்கேன் அம்மா?"

அம்மா அவர் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"தென்காசிக்கு. தங்கச்சி வீட்டுக்கு."

"நீங்க காவிக்குத் தகுதி இல்லைன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லை."

"பேசாம இருந்திருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

அம்மா பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கட்டுக் கீரையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"உட்கார்ந்து ஆயுங்க. இப்போ என்கிட்ட வந்து உண்மையைச் சொன்னீங்களே, அதுக்கு எந்த ஊசி போட்டாங்க?"