தாளாளர் போட்ட வேஷம்

ரூபவதி சொந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் வேதாகமக் கதைகளைப் படமாக்கியவள். பிறகு தேரிக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் சினிமா சொல்லிக்கொடுத்தாள். அங்கே தாளாளர் அதிசயராஜ் வைத்ததுதான் சட்டம்.

இயேசுவின் கடைசி நாட்களை மாணவர்களோடு சேர்ந்து அவள் எடுக்கப்போவது தெரிந்ததும் அவர் கூப்பிட்டனுப்பினார்.

"இயேசுவா நான்தான் நடிப்பேன். முடியாதுன்னா படமும் கிடையாது, உன் வகுப்பும் கிடையாது."

அறுபது வயது, மை பூசிய மீசை, முன்னால் தள்ளிய தொந்தி. ரூபவதி முகம் மாறாமல், "ஆகட்டும்யா, நாளைக்கே எடுத்துருவோம்" என்றாள்.

மறுநாள் கல்லூரியே வேடிக்கை பார்க்கத் திரண்டது. அதிசயராஜ் வெள்ளை அங்கியில் வந்து நின்றார். எதிரே அவருடைய டிரைவர், வாட்ச்மேன், தோட்டக்காரர் எல்லாரும் சீஷர் வேஷத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்கள். ரூபவதி அவர் கையில் ஒரு துண்டைக் கொடுத்து, தண்ணீர்ப் பாத்திரத்தைக் காட்டினாள்.

"முதல் காட்சி, இயேசு சீஷர்களோட காலைக் கழுவுறதுய்யா. டிரைவர் அண்ணன்ட்ட இருந்து ஆரம்பிங்க."

"இவன் காலை நான் தொடவா? அந்தக் காட்சியை வெட்டும்மா!"

"வேதத்துல உள்ளதை வெட்ட நான் யாருய்யா?"

கூட்டம் அவரையே பார்த்தது. அவர் துண்டை அவளிடமே திருப்பி நீட்டினார். "வேற வேஷம் எதுவும் இருக்கா?" என்றார் மெதுவாக.

"இருக்குய்யா. இயேசுவைச் சாவுக்கு ஒப்புக்கொடுத்துட்டு, தன் கையை மட்டும் கழுவிக்கிடுவாரே, தேசாதிபதி பிலாத்து."

முதலில் சிரித்தது டிரைவர்தான்.

படம் வந்தது, வகுப்பும் நிலைத்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பிலாத்து வெகு இயல்பாக நடித்திருப்பதாகச் சொன்னார்கள்.