ரெண்டு கட்டத்துக்கு நடுவே

இன்ஸ்பெக்டர் தளவாய்க்கு மீசையைவிடக் கற்பனை பெரிசு. அது ஊருக்குத் தெரிந்தது, சிவகாசியில் படக்கதை வரைகிற மரியபுஷ்பத்தால்தான்.

ஒருநாள் அவளை ஸ்டேஷனுக்கு வரவழைத்து, அவள் வரைந்த புத்தகத்தை மேஜையில் வீசினார்.

"அத்தனையும் ஆபாசம். உன்னை உள்ள தள்ளப்போறேன்."

"எந்தப் படம் சார்?"

பதினோராம் பக்கத்தைத் தட்டினார். ஒரு கட்டத்தில் புதுசாகக் கல்யாணமான ஜோடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறது. அடுத்த கட்டத்தில் பொழுது விடிந்து சேவல் கூவுகிறது. அவ்வளவுதான்.

"இந்த ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாதே சார், நான் அதை வரையலையே. கேஸ்னா விவரமா எழுதணும்ல? நீங்களே சொல்லுங்க."

தளவாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. ஏட்டு மாடத்தியை எழுதச் சொல்லிவிட்டு, எழுந்து நின்று விவரித்தார். மூன்றாவது தாளை எழுதும்போது மாடத்தி பேனாவைக் கீழே வைத்தாள்.

"போதும்யா. எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சு. இதெல்லாம் நான் கேள்விப்பட்டதே இல்ல."

மரியபுஷ்பம் நிதானமாகச் சொன்னாள்: "கோர்ட்டுக்கே போவோம் சார். கதவு நான் வரைஞ்சதுன்னு ஒத்துக்கிறேன். உள்ள நடந்ததுக்கு நீங்க கையெழுத்துப் போட்டுருங்க."

தளவாய் மூன்று தாளையும் சுக்குநூறாகக் கிழித்தார். "புத்தகத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பும்மா."

வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். "கதவைச் சாத்திட்டுப் போகட்டுமா சார்?"

"வேண்டாம்! திறந்தே கிடக்கட்டும்!"